சிவகாமியின் சபதம்: காதலும் போரும்

சிவகாமியின் சபதம், கல்கி (ரா. கிருஷ்ணமூர்த்தி) எழுதிய வரலாற்று நாவல். 1944 முதல் கல்கி வார இதழில் தொடராக வெளிவந்தது. ‘பரஞ்சோதி யாத்திரை’, ‘காஞ்சி முற்றுகை’, ‘பிக்ஷுவின் காதல்’, ‘சிதைந்த கனவு’ என நான்கு பாகங்கள் கொண்டது. பொன்னியின் செல்வன் வழியாக வரலாற்றுப் புனைவுக்குள் வரும் புதிய வாசகர்கள் அடுத்து வாசிக்கத் தகுந்த படைப்பு. அதைவிட அளவில் சிறியது. ஆனால் துயரத்தில் ஆழமானது.

வரலாற்றுப் பின்புலம்

பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தில் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி காஞ்சியை நோக்கிப் படையெடுத்தான். மகேந்திரனின் மகன் முதலாம் நரசிம்மவர்மன் (மாமல்லன்) பொ.யு. 642 அளவில் வாதாபியைக் கைப்பற்றி ‘வாதாபி கொண்டான்’ என்று பெயர் பெற்றான். பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களில் நடந்த போர்களைக் கூரம் செப்பேடு குறிப்பிடுகிறது. வாதாபிப் போரில் ஈடுபட்ட பரஞ்சோதியே பின்னர் சிறுத்தொண்டர் ஆனார் என்பது பெரியபுராண மரபு. சிவகாமி, அவள் தந்தை ஆயனச் சிற்பி, நாகநந்தி ஆகியோர் கல்கியின் கற்பனைப் பாத்திரங்கள்.

காதலின் இடம்

சிற்பியின் மகளும் நடனக் கலைஞருமான சிவகாமியை இளவரசன் மாமல்லன் காதலிக்கிறான். இந்தக் காதல் அரசியலுக்கு இடையூறு என்று மகேந்திரர் கருதுகிறார். புலிகேசியின் படை சிவகாமியைச் சிறைப்பிடித்து வாதாபிக்குக் கொண்டுசெல்கிறது. அங்கே சிறைப்பட்ட தமிழர்களைச் சாட்டையடியிலிருந்து காப்பதற்காக அவள் நாற்சந்தியில் ஆடவேண்டியிருக்கிறது. கலை அவமானத்தின் கருவியாகிவிட்ட அந்த நிலையில்தான் சபதம் பிறக்கிறது. வாதாபி எரிந்த பிறகே அந்நகரைவிட்டு வெளியேறுவேன் என்கிறாள். மாமல்லன் மறைவாக வந்து அழைக்கும்போதும் அவள் உடன் செல்ல மறுக்கிறாள்.

நாவலின் வலிமையும் பலவீனமும் இந்த ஒரு முடிச்சில்தான் இருக்கின்றன. பல்லவ, சாளுக்கியப் பகை நிலத்துக்கும் மேலாதிக்கத்துக்குமான பகை. தலைமுறைகளாகத் தொடர்ந்தது. நாவல் அதை ஒரு பெண்ணின் சொல்லாகச் சுருக்குகிறது. இதனால் ஒரு நகரம் எரிந்ததன் பொறுப்பு, படை நடத்திய அரசனிடமிருந்து காத்திருந்த பெண்ணின் தோளுக்கு மாறிவிடுகிறது. வரலாற்றுக் காதல் நாவல்களில் இது பரவலாகக் காணப்படும் குறை. வாசகருக்குப் போரை உணர்ச்சியால் நெருக்கமாக்குகிறது. போரின் காரணங்களை மறைத்தும்விடுகிறது.

ஆனால் கல்கி அங்கே நிற்கவில்லை. சபதம் நிறைவேற ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அதற்குள் தந்தையின் வற்புறுத்தலால் மாமல்லன் பாண்டிய இளவரசியை மணந்து பிள்ளைகளுக்குத் தந்தையாகிவிட்டான். காஞ்சிக்குத் திரும்பிய பிறகே சிவகாமி இதை அறிகிறாள். வெற்றி கிடைத்தது, எதன்பொருட்டு அந்த வெற்றி வேண்டப்பட்டதோ அது இல்லை. அவள் ஏகாம்பரநாதரையே கணவராக ஏற்கிறாள். கல்கி இதற்கு முன் எழுதிய பார்த்திபன் கனவு காதலர் இணைவதில் முடிகிறது. அந்த எளிய நிறைவை இந்நாவல் மறுக்கிறது. ‘சிதைந்த கனவு’ என்ற தலைப்பு வாதாபிக்கும் பொருந்தும், சிவகாமிக்கும் பொருந்தும்.

நாகநந்தி

புலிகேசியின் இரட்டைச் சகோதரனாகிய நாகநந்தி நாவலின் மிகச் சிக்கலான பாத்திரம். துறவியும் ஒற்றனுமாகிய அவனுக்குச் சிவகாமியின் கலைமீது தீராத பித்து. அஜந்தா ஓவியங்களின் அழியா வண்ண ரகசியத்தை அறியத் துடிக்கும் ஆயனரின் ஆசையை அவன் பயன்படுத்திக்கொள்கிறான். கலைமீதான பற்றே கலைஞனைச் சூழ்ச்சிக்கு இரையாக்குகிறது என்ற நுட்பமான பார்வை இதில் உண்டு. அதேசமயம் பௌத்தத் துறவியைச் சதிகாரனாக ஆக்கியது, அம்மதத்தைப் பற்றிய ஒருபக்கச் சித்திரத்தை வாசகர் மனதில் நிறுத்திவிடுகிறது.

மதிப்பீடு

மாறுவேடங்கள், உருவ ஒற்றுமை, மாற்றப்படும் ஓலைகள், வாரந்தோறும் திடுக்கிட வைக்கும் அத்தியாய முடிவுகள் ஆகியவை தொடர்கதை வடிவத்தின் தேவைகள். நூலாக ஒருசேர வாசிக்கையில் இவை சலிப்பூட்டக்கூடும். எரியும் நகரத்து மக்களின் தரப்பும் போதிய அளவு ஒலிப்பதில்லை. எனினும், வெற்றியைக் கொண்டாடுவதற்காக எழுதப்படும் வரலாற்றுப் புனைவுகளுக்கு நடுவே, வெற்றி என்ன விலை கேட்டது என்று வினவும் படைப்பாக இது நிற்கிறது. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை என்பதால் இந்நாவல் இணையத்தில் இலவசமாக வாசிக்கக் கிடைக்கிறது. வரலாற்றை அறிய விரும்பும் மாணவர்கள் இதனுடன் பல்லவர் வரலாற்று நூல் ஒன்றையும் சேர்த்து வாசிப்பது நல்லது. எது சான்று, எது கனவு என்று பிரித்தறிந்த பின்னரும் சிவகாமியின் துயரம் குறைவதில்லை.