வலு யாருக்குப் பயன்பட?

பார்கூரைப் பற்றி எழுதுகிறவர்கள் அதை நகரத்தின் மீதான கலகம் என்று சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். கருவி ஏதுமில்லாமல் ஓடி, தாவி, ஏறி, தடைகளைக் கடந்து போகும் பயிற்சி அது. அதிகாரம் சுவராகவும் கம்பியாகவும் வகுத்து வைத்த வழியை மறுத்து உடல் தன் வழியைத் தானே எழுதிக்கொள்கிறதாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த உடல், எங்கிருந்து வந்த உடல் என்று கேட்டுப் பார்க்கணும். பாரிஸின் புறநகரில் முளைப்பதற்கு முன் பார்கூர் காலனிகளைச் சுற்றி வந்திருக்கிறது.

ழார்ழ் எபேர் (1875–1957) பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி. 1902 மே 8இல் மார்த்தினிக் தீவில் பெலே எரிமலை வெடித்து சேன் பியேர் நகரம் அழிந்தது. சுமார் 28,000 பேர் செத்தார்கள். அங்கே மீட்பு வேலையில் ஈடுபட்ட அனுபவத்திலிருந்துதான் 'வலு என்பது பிறருக்குப் பயன்படவே' என்ற அவரது கொள்கை பிறந்தது என்பார்கள். கப்பல் போன இடங்களில் அவர் கண்ட பூர்வகுடிகளின் உடல்கள் அவரை வியக்க வைத்தன. பயிற்சிக்கூடம் இல்லாமலே இவ்வளவு வேகமா, இவ்வளவு லாவகமா! அதையே ஓடுதல், ஏறுதல், தாவுதல், சுமத்தல், நீந்துதல் என்று பிரித்து அடுக்கி 'இயற்கை முறை' என்று பெயர் வைத்தார். தலைமுறை தலைமுறையாக உழைத்துப் பெற்ற உடலை 'இயற்கை' என்று சொன்ன மாத்திரத்தில் அந்த உழைப்பு காணாமல் போய்விடுகிறது. இந்த முறைதான் பின்னால் பிரெஞ்சு ராணுவத்தின் தடைப்பாதைப் பயிற்சிக்குள் போனது.

அந்தத் தடைப்பாதை திரும்பவும் காலனிக்கே வருகிறது. ரேமோன் பெல் 1939இல் வியட்நாமின் ஹுவே நகரில் பிறந்தவர். தந்தை பிரெஞ்சுக்காரர், தாய் வியட்நாமியர். போரில் குடும்பத்தைப் பிரிந்து தலாத்தில் ராணுவம் நடத்திய அநாதைப் பள்ளியில் வளர்ந்தார். மற்றப் பையன்கள் தூங்கியபின் ராத்திரியில் எழுந்து தடைப்பாதையில் தனியே பயிற்சி செய்வாராம். யாரும் தன்னை அடித்து வீழ்த்திவிடக் கூடாது என்பதுதான் காரணம். இங்கே 'தத்துவம்' ஒன்றுமில்லை, உயிர்ப்பயம்தான் இருக்கிறது. 1954இல் பிரான்சுக்கு அனுப்பப்பட்ட அவர் பிறகு பாரிஸ் தீயணைப்புப் படையில் சேர்ந்தார். 1969 ஜனவரியில் நோத்ர்தாம் தேவாலயக் கோபுரத்தில் யாரோ கட்டிவிட்ட வியட்நாம் விடுதலை முன்னணியின் கொடியை ஹெலிகாப்டரிலிருந்து இறங்கி அகற்றிய நடவடிக்கையில் அவரும் இருந்தார். வியட்நாமில் பிறந்த உடல், வியட்நாம் கொடியை இறக்கப் பயன்பட்டது. வலு யாருக்குப் பயன்பட என்ற கேள்வியை இதைவிடக் கூர்மையாக வேறெந்தச் சம்பவமும் எழுப்பியதாக எனக்குத் தெரியவில்லை.

மகன் தாவீத் பெல் (1973) அப்பாவிடம் கேட்ட கதைகளை லீஸ் என்ற புறநகரில் தோழர்களோடு உடலில் சோதித்துப் பார்த்தார். அந்தப் பையன்களில் பலர் ஆப்பிரிக்க, ஆசியக் குடும்பங்களின் பிள்ளைகள். 1997இல் அமைந்த குழுவின் பெயர் 'யாமகாசி', காங்கோவின் லிங்காலா மொழிச் சொல். 'பர்கூர்' என்ற பிரெஞ்சுச் சொல்லில் 'சி'யை எடுத்து 'கே' போட்டது 1998இல். யாமகாசிக் குழுவினர் தங்கள் பயிற்சிக்குச் சொன்ன பெயரைத் தமிழில் 'இடப்பெயர்வுக் கலை' என்றுதான் தரமுடியும். இடப்பெயர்வு என்றதும் நமக்கு அகதி ஞாபகம் வருகிறது. மொழி தற்செயலாக உண்மையைச் சொல்லிவிடுகிறது: இடம்பெயர்க்கப்பட்டவர்களின் பிள்ளைகள் அதைக் கலையாக்கினார்கள்.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷெல் த செர்த்தோ 1980இல் ஆதிக்கத்தின் 'வியூக'த்துக்கும் எளியவர்களின் 'தந்திர'த்துக்கும் வேறுபாடு காட்டினார். பார்கூரைக் கொண்டாடுகிற கோட்பாட்டாளர்கள் இதை விரும்பி எடுத்தாள்கிறார்கள். ஆனால் அவர் சொன்ன மறுபாதியை விட்டுவிடுகிறார்கள்: தந்திரம் தான் வென்றதைக் கையில் வைத்துக்கொள்ள முடியாது. அப்படித்தான் ஆச்சு. 2001இல் சினிமா எடுத்துக்கொண்டது, பிறகு விளம்பரம். போட்டி வேண்டாம் என்பதைப் பலர் அடிப்படையாகக் கொண்டிருந்த பயிற்சியை, பார்கூர் குழுக்களின் எதிர்ப்பையும் மீறி, 2018இல் சர்வதேச ஜிம்னாஸ்டிக் கூட்டமைப்பு தன் பிரிவுகளில் ஒன்றாக்கியது. 2022இல் டோக்கியோவில் உலகப் போட்டியும் நடந்தது. சுவரைத் தாண்டினவனுக்கு மதிப்பெண் கிடைத்தது. சுவர் அங்கேயே நிற்கிறது.

2004இல் வெளிவந்த 'புறநகர் 13' படத்தில் தாவீத் பெல் போதைப்பொருள் கும்பலுக்கு டிமிக்கி கொடுத்துக் கூரை கூரையாகத் தாவுகிறார். பார்வையாளர்களுக்கு ஒரே உற்சாகம். 2005 அக்டோபர் 27இல் கிளிஷி-சு-புவா என்ற நிஜப் புறநகரில் போலீசைக் கண்டு ஓடிய சிறுவர்கள் மின்நிலையத்துக்குள் ஒளிந்தார்கள். 17 வயதிலும் 15 வயதிலும் இருவர் மின்சாரம் தாக்கிச் செத்தார்கள், இன்னொருவன் கருகிப் பிழைத்தான். திரையில் டிக்கெட் விற்கிற தாவல் தெருவில் குற்றத்துக்கு அத்தாட்சியாகிவிடுகிறது.

போலீசார் இருவர் மீது இருந்த வழக்கு என்ன தெரியுமா? ஆபத்தில் இருந்தவர்களுக்கு உதவத் தவறியது. 2015இல் விடுதலையானார்கள். பிறருக்குப் பயன்படவே வலு என்று ஒரு கடற்படை அதிகாரி சொல்லிவிட்டுப் போன தேசம் அது. பார்கூரின் தத்துவத்தைப் பேசுகிறவர்கள் இந்தத் தீர்ப்பையும் சேர்த்துத்தான் பேசவேண்டும்.