பேய் காத்த புண்ணோர்

தமிழன் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஜெனீவா ஒப்பந்தம் கண்டுவிட்டான் என்று மேடையிலே முழங்குவோர் உண்டு. முழங்கியதும் கைதட்டல் எழுவதும் உண்டு. அவர்கள் காட்டும் சான்று புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டு. பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடியது. அம்பு தொடுக்குமுன் அம்மன்னன் அறிவிப்புச் செய்கிறான், அரண் தேடிக்கொள்ள வேண்டியவர்களுக்கு அவகாசம் தருகிறான் என்பது பாட்டின் செய்தி. வகுப்பறையிலே அப்பாட்டை நடத்துகிறவன் என்ற உரிமையில் கேட்கிறேன், தோழர்களே! கைதட்டுமுன் அந்தப் பட்டியலைப் பார்த்தீர்களா?

ஆக்கள். ஆவின் இயல்புடைய பார்ப்பனர். பெண்டிர். பிணியுடையோர். தென்புலத்து முன்னோர்க்குக் கடன் செய்யப் புதல்வரைப் பெறாதோர். இவ்வளவுதான்! முதலிடம் மாட்டுக்கு, அடுத்த இடம் மறையோர்க்கு. இறுதி இடம் பெறுபவனும் தன் உயிருக்காகப் பெறவில்லை, செத்தவர்களுக்குச் சோறிட ஆளில்லையே என்ற கவலையால் பெறுகிறான். வேள்விச் சாலை பல கண்டு, அதனையே அடைமொழியாகவும் பூண்ட வேந்தனிடம் வேறு வரிசையை எதிர்பார்க்கலாமா? பெண்டிரையும் நோயாளரையும் நினைத்தானே, அது நன்று; மறுக்கவில்லை. ஆயினும் உழுதவன் எங்கே? நெய்தவன் எங்கே? விழுந்து கிடப்பவனுக்கு ஒரு குவளைத் தண்ணீர் கொண்டு ஓடுகிறவன் எங்கே?

அவன் நம் இலக்கியத்தில் வேறு எங்கேனும் இருக்கிறானா என்று தேடினேன். புண்பட்ட மறவனை மனையிலே வைத்து, இரவமும் வேம்பும் செருகி, யாழிசைத்து, ஐயவி சிதறிக் காக்கும் காட்சியை அரிசில்கிழார் பாடியிருக்கிறார். நெஞ்சைத் தொடும் பாட்டு. ஆனால் காப்பவர் அவன் வீட்டார். வீட்டார் இல்லாதவன் கதி? தொல்காப்பியர் அதற்கும் துறை வகுத்திருக்கிறார். காக்கும் சுற்றம் இன்றிக் களத்திலே புண்ணோடு கிடப்பவனைப் பேய் காத்து நிற்குமாம். அதற்குப் பேய்ப்பக்கம் என்று பெயர். உறவினன் அல்லாத ஒருவன், ஊதியம் கருதாத ஒருவன், அந்தப் புண்ணோனை நோக்கி நடந்து வரக்கூடும் என்ற நினைப்பே இலக்கணத்தில் இடம்பெறவில்லை. மனிதன் வரவேண்டிய இடத்திலே பேயைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்!

அந்த மனிதனுக்குச் சட்டத்திலே இடம் தந்தது 1864. சோல்பரினோப் போர்க்களத்தை 1859இல் கண்டு கலங்கிய ஹென்றி டூனான் 1862இல் தன் செலவில் அச்சிட்ட நூல் அதற்கு வித்து. அவ்வாண்டு ஜெனீவாவில் எழுதிய ஒப்பந்தத்தின் ஐந்தாம் விதி, காயமுற்றோர்க்கு உதவும் ஊர் மக்களுக்கு மதிப்பும் விடுதலையும் உண்டு என்கிறது. அதை மக்களுக்கு அறிவிப்பது படைத்தலைவர்களின் கடமை என்றும் சொல்கிறது. பிறப்பைப் பார்க்கவில்லை, குலத்தைக் கேட்கவில்லை. செய்யும் தொண்டு ஒன்றையே பார்க்கிறது. முதுகுடுமியின் பட்டியலுக்கும் இதற்கும் உள்ள தொலைவு காலத் தொலைவு மட்டும் அன்று.

ஆனால் முதுகுடுமியின் முறை செத்துவிடவில்லை. மூதூருக்கு வாருங்கள்.

திருகோணமலையை அடுத்த மூதூரில், 2006 ஆகஸ்டு 4ஆம் நாள், பிரான்சு நாட்டுப் பட்டினி எதிர்ப்பு அமைப்பின் தொண்டர்கள் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். பதினாறு பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். ஆழிப்பேரலை அடித்துச் சென்ற ஊர்களுக்குக் குடிநீரும் கழிப்பிடமும் அமைத்துக் கொடுத்தவர்கள். புலிகளுக்கும் அரசுப் படைக்கும் மூண்ட சண்டையில் ஊருக்குள் அகப்பட்டு, அலுவலகத்திலேயே தங்கியிருந்தார்கள். அமைப்பின் பெயர் பொறித்த சட்டை உடலில் இருந்தது. அந்தச் சட்டையோடுதான் அலுவலக வளாகத்தில் முகங்குப்புறக் கிடந்தார்கள்.

போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு அதே மாத இறுதியில், பொறுப்பு அரசுப் படையினருடையது என்றது. அரசு மறுத்தது, விசாரணை ஆணையம் அமைத்தது. ஆணையத்தைக் கவனிக்க வந்த பன்னாட்டுச் சான்றோர் குழு, இந்தியாவின் முன்னாள் தலைமை நீதிபதி பகவதி தலைமையில் இருந்தது. உண்மை காணும் விருப்பம் அரசிடம் இல்லை என்று கூறி 2008இல் வெளியேறியது. ஆணையம் 2009இல் அறிக்கை தந்தது. இராணுவத்தின்மீது குற்றமில்லை என்றது. தொண்டர்களைத் திரும்ப அழைத்துக்கொள்ளாத அமைப்பின் கவனக்குறைவைச் சாடியது. இன்றுவரை இக்கொலைக்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

நெட்டிமையாரின் பாட்டை இப்போது மீண்டும் எடுங்கள். அரண் சேருங்கள் என்று மன்னன் சொல்லிவிட்டான். சொன்ன அளவில் அவன் அறம் முடிந்தது. போக முடியாதவன்? போக மறுத்துப் பிறருக்காக நின்றவன்? பாட்டு பேசாது. அறிவிப்புக்குப் பின் விழும் அம்புக்கு, நின்றவனே பொறுப்பாளி ஆகிவிடுகிறான். ஆணையம் எழுதியது அப்பாட்டின் உரை அன்றோ! 2008 செப்டம்பரிலும் இதுவே நடந்தது. பாதுகாப்புக்கு உறுதி கூற இயலாது என்று சொல்லி, ஐக்கிய நாடுகளின் அமைப்புகளையும் பிற தொண்டு நிறுவனங்களையும் வன்னியைவிட்டு வெளியேறச் செய்தது கொழும்பு. வெள்ளையர் வண்டியேறினர், உள்ளூர்த் தொண்டர் பலர் குடும்பத்தோடு உள்ளே சிக்கினர். எஞ்சி நின்ற செஞ்சிலுவைக் குழுவும் 2009இல், போரின் இறுதி வாரங்களில், தன் ஊழியர் மூவரைப் பறிகொடுத்தது. உலகெங்கும் இப்பணியில் சாகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தந்த நாட்டவரே. தொண்டிலும் ஒரு வருணம்!

முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சென்றால் காப்பு உண்டா? 2024 ஏப்ரல் 1 அன்று காசாவில், செல்லும் வழியைப் படையிடம் தெரிவித்து, கூரையிலே சின்னம் வரைந்து சென்ற உணவு வண்டிகளைத்தான் இஸ்ரேல் தாக்கியது. ஏழு பேர் மாண்டனர். அடுத்த மாதமே ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 2730ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. அதற்கு முன் 2003இல் 1502ஆம் தீர்மானம்.

இத்தகைய ஏடுகளைப் படிக்கும்போது தமிழாசிரியனின் கண் ஓரிடத்தில் தடுக்குகிறது: மதிக்கப்படுவர், காக்கப்படுவர், விசாரிக்கப்படும். எல்லாம் செயப்பாட்டு வினை! காப்பவன் யார்? கூண்டில் நிறுத்துபவன் யார்? எழுவாய் மறைந்து நிற்கிறது. 1864இன் பழைய விதியில் படைத்தலைவர் என்ற எழுவாயாவது வெளிப்பட நின்றது.

காக்கவே இயலாது என்பாருக்கு 1987ஐ நினைவூட்டலாம். ஜூன் 3ஆம் நாள், இராமேசுவரத்திலிருந்து உணவோடு சென்ற படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின்மேல் உணவு மூட்டைகளைப் போட்டன. மிராஜ் போர் விமானங்கள் காவலாகப் பறந்தன. அரசின் கௌரவம் கலந்திருந்தபோது அரிசி மூட்டைக்குக் காவல் கிடைத்தது. குழாய் பதிக்கப் போன பதினேழு பேருக்கு எந்த அரசின் கௌரவமும் தேவைப்படவில்லை.

கும்மிடிப்பூண்டியில், சிப்காட் ஆலைகளின் புகை படியும் தொலைவில், அந்தப் போர்களிலிருந்து ஓடிவந்தோர் வாழும் முகாம் இருக்கிறது. அகதி முகாம் என்ற பெயரை 2021இல் மறுவாழ்வு முகாம் என்று அரசு மாற்றியது. புழலிலும் ஒன்று உண்டு. அங்கே பிறந்த பிள்ளைகளும் இந்தப் பாட்டத்தான் படிக்கிறார்கள். போரறம் என்று விடை எழுதினால் மதிப்பெண் கிடைக்கிறது. பட்டியலில் யார் இல்லை என்ற வினாவையும் அதனருகே கேட்கட்டும் வினாத்தாள்.