கடுதாசியில் நாடி பார்த்தவர்கள்

விழுப்புரத்தில் எங்கள் வீட்டுப் பரணை ஒழித்தபோது தகரப் பெட்டி ஒன்றில் பத்துப் பன்னிரண்டு தபால் கார்டுகள் அகப்பட்டன. வெளியூர் வைத்தியர் ஒருவர் என் பெரியப்பாவுக்கு எழுதியவை. லேகியம் சுண்டைக்காயளவு, வெந்நீர் அனுபானம், புளி ஆகாது என்கிற தினுசு. மருந்து வி.பி.பி.யில் வரும், பெரியப்பா பணம் கட்டி வாங்குவார். வியாதி பாட்டிக்கு. கார்டில் கண்ட பெயர் அஜீரணம்.

பாட்டிக்கு இருந்தது அஜீரணமே அல்ல, கர்ப்பப்பை இறக்கம். அம்மா பிற்பாடு சொன்னாள். பெற்ற பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வது? பாட்டி ‘வயிறு’ என்றாள். பெரியப்பா அதை ‘அஜீரணம்’ என்று திருத்தி எழுதினார். வைத்தியரும் அஜீரணத்துக்குப் பொருத்தமான மருந்தையே அனுப்பினார். மூன்று பேரும் நல்லவர்கள். மூன்று வருஷம் அவஸ்தைப்பட்டவள் மட்டும் பாட்டி.

தபால் வைத்தியம் என்றாலே மோசடி என்று ஒரு கட்சி உண்டு. அதை நான் ஒப்பவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பெரிய வைத்தியர்களே கடிதத்தில்தான் பாதி வைத்தியம் பார்த்தார்கள். எடின்பரோவில் வில்லியம் கல்லன் என்று ஒருவர், 1790இல் காலமானவர். அவருக்கு வந்தவையும் அவர் எழுதியவையுமாக ஐயாயிரத்துக்கு மேற்பட்ட கடிதங்கள் மிஞ்சியிருக்கின்றன. தாம் எழுதுவதற்கு நகல் வேண்டுமென்று, நீராவி எந்திரப் புகழ் ஜேம்ஸ் வாட் செய்த நகல் யந்திரத்தை 1781 முதல் உபயோகித்தார். ஸ்விட்ஸர்லாந்தின் லோஸான் நகரத்து டிஸ்ஸோ என்பவருக்கு வந்த கடிதங்களும் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. 1761இல் வெளியான தம் புத்தகத்திலேயே, நோயாளி எந்தெந்தக் கேள்விக்கு விடை எழுத வேண்டும் என்று அவர் ஜாபிதா கொடுத்துவிட்டார்.

கல்லனின் கடிதங்களை இப்போது எவரும் படிக்கும்படி கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார்கள். கதை எழுதுகிறவன் என்ற முறையில் அவற்றைப் படித்தேன். நோயாளிகளின் கடிதங்களுக்கு முன்னால் வைத்தியரின் பதில்கள் சோபிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். பதிலில் பத்தியமும் மருந்தளவும் இருக்கும். அதற்கு மேல் எதிர்பார்ப்பதும் தவறு. நோயாளியின் கடிதத்திலோ தூக்கம், சாப்பாடு, துக்கம், பயம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வரும். வலியை வார்த்தையில் பிடிக்கப் பார்க்கிற அந்தத் தவிப்புதான் இலக்கியத்தின் ஆரம்பம்.

அக்காலத்தில் இது செல்லுபடியானதற்குக் காரணம் உண்டு. நேரில் போனாலும் வைத்தியர் நோயாளியின் பேச்சைத்தான் பெரிதும் நம்பினார். மார்பைத் தட்டிப் பார்க்கும் முறையை வியன்னாவில் ஔன்புருக்கர் வெளியிட்டது அதே 1761இல். லென்னெக் ஸ்டெதாஸ்கோப் செய்தது 1816இல். உடம்பே நேராகச் சாட்சி சொல்ல ஆரம்பித்த பிறகு நோயாளியின் கதைக்கு மவுசு குறைந்தது.

நம் சித்த வைத்தியர்கள் நோயறிய எட்டு வழி சொன்னார்கள்: நாடி, ஸ்பரிசம், நாக்கு, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். இவற்றில் தபாலில் போகக்கூடியது மொழி ஒன்றே. அதிலும் குரல் போகாது. எட்டில் ஒன்றைக்கொண்டு வைத்தியம் செய்யலாமா என்று கேட்பார்கள். அந்த ஒன்று நோயாளியினுடையதாக இருந்தால் ஓரளவு செய்யலாம் என்பேன். விபரீதம், அது இன்னொருவர் மொழியாகிவிடுவதில் இருக்கிறது. கல்லனுக்கும் டிஸ்ஸோவுக்கும் வந்தவற்றிலேயே உறவினரும் உள்ளூர் வைத்தியரும் எழுதியவை ஏராளம். ஆயுர்வேத நூல்களில் வைத்தியரை அழைக்க வரும் தூதனுடைய லட்சணத்தைப் பார்த்தே பலன் சொல்லும் பகுதி உண்டு. அதைச் சகுனம் என்று தள்ளிவிடலாம். ஆனால் தூதனைப் பொறுத்து நோயாளியின் கதி மாறும் என்பது மட்டும் சகுனமல்ல. பாட்டி கண்ட அனுபவம்.

இதைவிடக் கொடிய சாட்சி எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1890களில் ஓர் இரவு, திண்டிவனத்தில் மிஷன் டாக்டர் ஜான் ஸ்கடர் வீட்டுக் கதவை ஒருவர்பின் ஒருவராக மூன்று ஆண்கள் தட்டினார்கள். மூவர் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். மூவரும் டாக்டரின் மகள் ஐடாவைக் கூப்பிட்டார்கள். எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பாவை அழைத்துப் போங்கள் என்றாள் அந்தப் பெண். அந்நிய ஆண் பார்ப்பதைவிட... என்று மூவரும் திரும்பிவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா அமெரிக்கா சென்று 1899இல் டாக்டராகி, மறு வருஷம் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்த வைத்தியசாலை இன்று உலகம் அறிந்தது.

அந்த மூன்று பெண்கள் என்ன நினைத்தார்கள்? டாக்டர் வரட்டும் என்று ஒருத்தியாவது சொன்னாளா? அந்த ராத்திரியைப் பற்றிய கதையில் கதவைத் தட்டியவர்கள் பேசுகிறார்கள், ஐடா பேசுகிறாள், அவர்கள் பேசவில்லை. நான் எத்தனை அழகாக விமரிசித்தாலும், ஐரோப்பியக் கடிதங்களின் பெருமை எழுதத் தெரிந்தவர்களின் பெருமைதான்.

2020 மார்ச்சில் நம் நாட்டில் தொலைமருத்துவத்துக்கு விதிகள் வகுத்தார்கள். டாக்டரிடம் படத்திலோ குரலிலோ எழுத்திலோ யோசனை கேட்கலாம். ஒப்புதல் பெற்று நோயாளிக்காக வேறொருவர் பேசவும் அதில் இடமுண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் போன் யார் கையில் இருக்கிறது என்று டாக்டர் ஒரு தரம் கேட்டுக்கொள்ள வேண்டும். ‘அந்த அம்மாளிடம் கொடுங்கள், நீங்கள் கொஞ்சம் வெளியே இருங்கள்’ என்று யாராவது பெரியப்பாவுக்கு ஒரு கார்டு எழுதியிருந்தால் பாட்டிக்கு மூன்று வருஷம் மிச்சமாகியிருக்கும்.