நன்னூலின் குடமும் பனையும்: உடன்பணியாற்றுவோரை வகைப்படுத்தல் குறித்து ஓர் ஆய்வு

பலர் கூடிச் செய்யும் தொழில் எதுவாயினும், அது இனிது நடைபெறுவதற்கு அத்தொழிலறிவு மட்டும் போதாது; கூடியிருப்போர் ஒருவரோடொருவர் பேசுந் திறமும் வேண்டும். அலுவலகம், மருத்துவமனை, பாடசாலை ஆகிய எவ்விடத்தும் எழும் மனத்தாங்கல்களை ஆராயின், அவற்றுட் பல கருத்து வேற்றுமையாற் பிறந்தன அல்ல என்பதும், சொல்லிய முறையாலும் கேட்ட முறையாலும் பிறந்தன என்பதும் புலனாகும். இக்குறையைப் போக்குவதற்கு இக்காலச் செயலமர்வுகளில் ஒரு வழி கூறப்படுகின்றது. ஒவ்வொருவரும் எவ்வகைக் குணத்தினர் என வினாக்கொத்தினால் வகுத்தறிந்து, அவ்வகைக்கு ஏற்பப் பேசுக என்பதே அவ்வழியாகும். இக்கருத்து நமக்குப் புதியதன்று. இதனையொத்த பாகுபாடு ஒன்று நன்னூலில் உண்டு. அதனை அளவுகோலாகக் கொண்டு, மாந்தரை வகைப்படுத்தல் எவ்வளவிற்குப் பயன் தரும், எவ்விடத்திற் கேடு செய்யும் என்பதனை ஈண்டு நோக்குவாம்.

13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சீயகங்கன் வேண்டுகோட்கிணங்கப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், ஆசிரியராகத் தகாதார்க்கு நான்கு உவமைகளைக் கூறுகின்றது. அவை கழற்பெய்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு என்பன. கழற்சிக்காய்களை இட்ட குடம், இட்ட முறையிலன்றி வேறு முறையில் அவற்றைக் கொட்டும். கற்ற ஒழுங்கு கெடக் கூறுவோன் அதனை ஒப்பான். கருக்கு மட்டை சூழ்ந்த பனை, பிறர் ஏறிப் பறிக்க இடங்கொடாது, தானாக விழும்போதே பழந் தரும். தான் விரும்பியபோதன்றி எதனையுஞ் சொல்லாதவன் அத்தகையன். பஞ்சடைத்த குண்டிகை சிறிது சிறிதாகவே ஏற்று, சிறிது சிறிதாகவே விடும். முடத்தெங்கினை விளக்க நமது வாவிக்கரையில் உரையாசிரியர் வேண்டுவதில்லை. நீர் வார்த்தவன் வளவில் அதன் அடி நிற்க, அயலான் வளவில் தேங்காய் விழும். தன்னைப் பேணியவரை விடுத்துப் பிறர்க்கே பயன்படுவோன் முடத்தெங்காவான்.

மாணாக்கர்க்கும் எட்டு உவமைகள் உள்ளன. அன்னமும் ஆவும் தலை. மண்ணும் கிளியும் இடை. இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்பன கடை. படுவான்கரைக் குளங்களில் எருமை இறங்கி நீரைக் கலக்கிவிட்டுக் குடிப்பதனைக் கண்டோர், ஒரு கூட்டத்திற் பிறர் பேச்சையெல்லாங் குழப்பிய பின்னரே ஒரு செய்தியை விளங்கிக் கொள்வானை எளிதில் நினைவுகூர்வர். நல்லதை ஒழுகவிட்டுக் கசட்டைப் பற்றிக்கொள்ளும் நெய்யரியும் நாம் காணாததன்று. ஒரு மணிநேர உரையில் ஒரு பிழைச்சொல்லை மட்டும் நினைவில் வைத்துப் பேசுவோர் எப்பணியகத்திலும் உளர்.

இவ்வுவமைகளின் சிறப்பு யாது? இவை ஒருவன் உள்ளத்தை இன்னதென்று கூறவில்லை. அவன் கொடுக்கும் முறையையும் கொள்ளும் முறையையுமே கூறுகின்றன. குடம் கொட்டுகின்றது, பனை தடுக்கின்றது, எருமை கலக்குகின்றது. இவை யாவும் செயல்கள். செயல் கண்ணாற் காணத்தக்கது, திருத்தத்தக்கது. ஆதலின், உடன்பணியாற்றுவோரை அறிவதற்கு இப்பாகுபாடு பெரிதுந் துணைசெய்வதாகும்.

எனினும், இதனிடத்து ஒரு குறையும் உண்டு. தலை, இடை, கடை எனத் தரம் வகுத்தமையால், செயலுக்கு இட்ட பெயர் ஆளுக்கு இட்ட பெயராகிவிடுகின்றது. ஒரு நாள் ஆட்டைப் போல நுனிப்புல் மேய்ந்தவன், என்றும் ஆடெனவே கருதப்படுகின்றான். இக்குறைக்கு மாற்றும் நன்னூலுக்குள்ளேயே இருத்தல் வியக்கத்தக்கது. மண்ணை இடைமாணாக்கனுக்கு உவமையாக்கியது அந்நூல். உழவன் முயன்ற அளவிற்கே மண் விளைவு தரும் என்பது அதற்குக் காரணம். அங்ஙனமாயின் விளைவின் குறை மண்ணின் குறையா, உழவனின் குறையா? மேலும், நல்லாசிரியனுக்குக் கூறிய நிலம், மலை, நிறைகோல், மலர் என்னும் நான்கனுள் அந்நிலமே முதலில் நிற்கின்றது. கொள்வோனாய் நின்றவிடத்து இடைத்தரமான பொருள், கொடுப்போனாய் நின்றவிடத்துத் தலையாயதாகின்றது. ஆகவே, வகை என்பது தனி ஒருவனிடத்து உறைவதன்று, இருவர்க்கிடையே உள்ள தொடர்பினைப் பொறுத்தது என்பது பெறப்படும். பாயிரத்தின் வைப்புமுறையும் இதனை வலியுறுத்தும். ஆசிரியன் இலக்கணம் முற்பட, மாணாக்கன் இலக்கணம் பிற்பட, இரண்டற்கும் நடுவே பாடஞ்சொல்லும் முறை வைக்கப்பட்டுள்ளது. காலமும் இடமும் அறிந்து, கேட்போன் எவ்வாறு ஏற்பான் என்பதை உணர்ந்து சொல்லுதலே அம்முறை. பேசுவோன் முதலில் தன்னை ஆராய்தல் வேண்டும் என்பது இவ்வைப்பினாற் போதரும்.

வகைகள் நிலையாக நிற்றற்குரிய இடம் நாடக அரங்காகும். காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் 1926இல் வெளியிட்ட மதங்க சூளாமணியின் ஒழிபியல், தனஞ்சயனாரின் தசரூபகத்தைத் தழுவியது. தலைவரைத் தீரோதாத்தன், தீரோத்ததன், தீரலலிதன், தீரசாந்தன் என நால்வகையாக வகுத்தது தசரூபகம். நமது வடமோடிக் கூத்திலும், அண்ணாவியார் ஆளின் தோற்றமும் குரலும் நோக்கியே பாத்திரம் வகுப்பர். வரவுப் பாட்டையும் தாளக்கட்டையுங் கேட்ட அளவில் வருபவன் இன்னான் என அவையோர் அறிவர். விடிந்து முடியைக் கழற்றிய பின்னர், துரியோதனனாய் ஆடியவனைத் துரியோதனன் என்று எவரும் அஞ்சுவதில்லை. பணியகத்திலோ நாம் ஒருவர்க்கு ஒருமுறை சூட்டிய முடியைப் பின்னர்க் கழற்றுவதேயில்லை.

மேனாட்டார் ஆய்வும் இத்தகைய படிப்பினையையே தருகின்றது. யுங் என்னும் உளவியலறிஞர் 1921இல் அகமுகத்தார், புறமுகத்தார் எனப் பாகுபடுத்தினார். அவர் கருத்தை அடிப்படையாகக் கொண்டு, பிரிக்சு அம்மையாரும் அவர் மகளார் மயர்சு அம்மையாரும் மாந்தரை 16 வகையாக்கி வகுத்த வினாக்கொத்தின் கைந்நூல் 1962இல் வெளிவந்தது. செயலமர்வுகளிற் பெரிதும் வழங்குவது இதுவே. ஆயின், சில வாரங்களின் பின் மீண்டும் விடையளிப்போரிற் கணிசமானோர் வேறு வகையினராகக் காணப்படுகின்றனர். மாந்தருட் பெரும்பாலார் இரு முனைகட்கும் நடுவே நிற்பதனாலேயே இவ்வாறு நேர்கின்றது. 1948இல் அமெரிக்க உளவியலாளர் போரர், தம் மாணவர் 39 பேர்க்கும் ஒரே குணவிளக்கத்தைத் தனித்தனியாக வழங்கி, அஃது அவரவர்க்கு எவ்வளவு பொருந்துகின்றதென மதிப்பிடச் செய்தார். 5 புள்ளிகளுக்கு 4க்கு மேற்பட்ட சராசரி கிடைத்தது. தம்மைப் பற்றிய பொதுச்சொல்லைத் தமக்கே உரியதென நம்புதல் மாந்தர் இயல்பு என்பதை இச்சோதனை காட்டிற்று. இன்றைய உளவியலார் மக்களைப் பெட்டிகளில் அடைத்தலை விடுத்து, ஒவ்வொரு பண்பும் எவ்வளவினதாய் உள்ளது என்றே அளக்க முற்படுகின்றனர். கீதையின் பதினான்காம் அத்தியாயம் கூறும் முக்குணக் கொள்கையும் இதற்கு அணித்தே நிற்கின்றது. சத்துவம், இராசதம், தாமதம் என்னும் மூன்றும் எல்லாரிடத்தும் கலந்துள்ளன. ஒருகால் ஒன்று ஓங்க, ஏனையவை ஒடுங்கும் என்பது அதன் கருத்து.

ஊரையும் இனத்தையுங் கொண்டு வகுத்தல் இவற்றினுங் கொடிது. மட்டக்களப்பார் வந்தாரைப் பாயோடு ஒட்டவைப்பர் என்னும் பழமொழியை யாவருங் கேட்டிருப்பர். அயலூரார் சிலர் அதில் மந்திரத்தைக் கண்டு அஞ்சினர். நாம் அதில் விருந்தோம்பலைக் கண்டு மகிழ்ந்தோம். கூற்று ஒன்றே, கொண்ட பொருள் கேட்டோர் உள்ளத்திற்கேற்ப வேறாயிற்று. தமிழரும் முசுலிம்களும், பிற மாவட்டத்தாரும் ஒருங்கிருந்து பணியாற்றும் நம் ஆசிரியர் அறைகளில், இத்தகைய முன்முடிபுகள் ஒரு நாளைய பேச்சை மட்டுமன்றிப் பல்லாண்டு உறவையுங் கெடுக்க வல்லன.

வகைப்பெயர் காரணத்தை மறைப்பதே அதனால் விளையும் பெருந்தீங்கு. 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையை அழித்தது. 2009 வரை போர் நீடித்தது. அவற்றின் பின் வகுப்பறைக்கு மீண்ட ஆசிரியருள்ளும் மாணவருள்ளும் பேச்சொடுங்கியோர் பலர். அவர்களை மடற்பனை என்றும் பஞ்சடைத்த குண்டிகை என்றும் சொல்லிவிடுதல் எளிது. இழந்த பிள்ளையை நினைந்து வாய் திறவாதிருக்கும் தாயொருத்திக்கு அப்பெயர் பொருந்துமா? குணமென நாம் கொண்டது துயரமாக இருக்கலாம்; அச்சமாகவும், செவிக்குறையாகவும், முன்னர்ப் பேசி அவமதிப்புற்றதன் விளைவாகவும் இருக்கலாம். பெயரிட்டவன் உசாவுவதை நிறுத்திவிடுகின்றான்.

இவ்விடத்துத் திருவள்ளுவர் காட்டும் நெறி சாலச் சிறந்தது. தெரிந்து தெளிதல் என்னும் அதிகாரத்தில் அவர் ஆட்களை வகைப்படுத்தவில்லை. குணத்தையும் குற்றத்தையும் ஒருங்கே ஆராய்ந்து, மிகுந்ததனைக் கொண்டு மதிக்குமாறு கூறுகின்றார். அவரவர் செயலே உரைகல் என்கின்றார். குறிப்பறிதல், அவையறிதல், சொல்வன்மை என்னும் அதிகாரங்களிலும், மாறவேண்டிய பொறுப்பினைச் சொல்லுவோன் மேலேயே வைக்கின்றார்.

ஆகவே, வகைகளை முற்றாகத் தள்ளுதல் வேண்டா. உடன்பணியாற்றுவோர் ஒருவரோடு உரையாடல் தடைப்படுமாயின், நன்னூலின் நான்கு உவமைகளையும் முதலில் தம் மேல் வைத்து நோக்குக. யான் ஒழுங்கின்றிக் கொட்டினேனா, அணுகவொட்டாது நின்றேனா, வேண்டியதை முழுதுஞ் சொல்லாது விட்டேனா, உரியவரை விடுத்துப் பிறரிடஞ் சொன்னேனா என வினவுக. பின்னர், கேட்டவரிடம் அவர் விளங்கிக்கொண்டது யாதென அன்போடு உசாவுக. அதன் பின்னும் உவமை வேண்டுமாயின், அதனை அன்றைய செயலுக்கு மட்டும் வழங்குக. மறுநாள் அவரைப் புதியவராகவே காண்க. நன்னூலைப் பாடஞ்சொல்லும் ஆசிரியர்கள், எருமையையும் நெய்யரியையும் மாணவர்க்குச் சுட்டுவதற்கு முன் குடத்தையும் பனையையும் தமக்கு நினைவூட்டிக்கொள்வாராயின், ஆசிரியர் அறையும் வகுப்பறையும் ஒருங்கே பயனடையும்.