தபால் செலவுக்கு யாரும் ஏலம் கேட்பதில்லை

தோட்டத்துக் கோயில் திருவிழாவில் பொருள் ஏலம் விடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஏலம் என்றால் என்னவென்று புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கேட்பவர் எதிரிலேயே நிற்கிறார். மூன்றாம் தரம் சொல்லி முடித்ததும் பொருள் அவர் கைக்குப் போய்விடுகிறது. கேட்ட தொகைதான் கொடுக்கும் தொகை. விழுப்புரம் மாவட்டம் ஒட்டனந்தல் இரட்டைக் குன்று முருகன் கோயிலில் 2024 பங்குனி உத்திரத்தையொட்டி ஒன்பது எலுமிச்சம்பழங்கள் 2 லட்சத்து 36 ஆயிரம் ரூபாய்க்கு ஏலம் போயின. தொகை மலைக்க வைக்கலாம். ஆனால் அந்தத் தொகைக்கு மேல் யாரும் ஒரு காசு கூடுதலாகத் தரவில்லை.

இணைய ஏலத்தில் தொகை இரண்டு. ஒன்றை ஊரே கூடிக் கேட்கிறது. மற்றொன்றை விற்பவர் ஒருவரே எழுதிவைக்கிறார். முதல் தொகை நாள் முழுக்க ஏறிக்கொண்டிருக்க, இரண்டாவது அசையாமல் ஓரத்தில் கிடக்கிறது: ‘போஸ்டேஜ் தனி’. போட்டி நடப்பது ஒன்றில், பணம் போவது இரண்டிலும். இந்த ஏற்பாட்டின் எல்லா நன்மையும் எல்லாக் கோளாறும் இந்த ஓர் இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன என்பது என் கட்சி.

முதலில் ஏற்பாட்டின் பக்கம் நின்று பேசிவிடலாம். மலேசியாவில், சிரம்பானை அடுத்த மம்பாவிலிருந்து ஒருவர் பழைய பித்தளைக் குத்துவிளக்கை ஏலத்துக்குப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சிரம்பானில் ஒருவருக்கும் சபாவின் கோத்தா கினபாலுவில் ஒருவருக்கும் அது 60 வெள்ளி பெறும் என்று தோன்றுகிறது. அனுப்பும் செலவு சிரம்பானுக்கு 8, சபாவுக்கு 16 என்றால், கணக்குத் தெரிந்த சிரம்பான்காரர் 52 வரை கேட்பார், சபாக்காரர் 44இல் நின்றுவிடுவார். விளக்கு பக்கத்து ஊருக்கே போகும். சுமையும் குறைவு, செலவும் குறைவு, விற்பவருக்கும் நட்டமில்லை. உண்மையில் இந்தக் கணக்கின்படி அஞ்சல் செலவை ஏற்பவர் விற்பவர்தான். அவர் போஸ்டேஜை ஏற்ற ஏற்ற, கேட்பவர்கள் அதே அளவு தங்கள் கேள்வியைக் குறைத்துவிடுவார்கள். ஆகவே போஸ்டேஜை எங்கே எழுதினாலும் ஒன்றுதான் என்று பொருளியல் பாடம் சொல்லும்.

பாடம் அப்படிச் சொன்னாலும் ஆட்கள் அப்படிக் கேட்பதில்லை. தன்ஜிம் ஹுசைனும் ஜான் மோர்கனும் 2006இல் வெளியிட்ட ஆய்வில் இதை நேரடியாகவே சோதித்தார்கள். இசைக் குறுந்தகடுகளையும் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுகளையும் ஈபேயில் 80 ஏலங்களாக விட்டார்கள். ஒரே பொருளை ஒரு முறை 4 டாலர் ஆரம்ப விலை, அஞ்சல் இலவசம் என்றும், இன்னொரு முறை ஒரு சென்ட் ஆரம்ப விலை, அஞ்சல் 3.99 டாலர் என்றும் போட்டார்கள். வாங்குபவர் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை இரண்டிலும் ஒன்றே. ஆனாலும் ஒரு சென்ட் ஏலத்துக்குத்தான் ஆள் அதிகம் வந்தது, விற்றவர் கைக்கு வந்த மொத்தமும் கூடியது. அஞ்சலை 6 டாலராக்கியபோது மட்டும் குறுந்தகடுகளில் அந்த வித்தை பலிக்கவில்லை. பொருளின் விலையோடு ஒப்பிட்டால் போஸ்டேஜ் கண்ணை உறுத்தியிருக்க வேண்டும். பிறகு ஜெனிஃபர் பிரவுனும் சேர்ந்து தைவானிலும் அயர்லாந்திலும் ஐபாடுகளை வைத்துச் செய்த சோதனை 2010இல் வெளிவந்தது. அஞ்சல் கட்டணம் தலைப்பிலேயே தெரியாமல் உள்ளே பதுங்கியிருக்கும்போது அதை உயர்த்தினால் வருமானம் உயர்கிறது என்பது அதன் முடிவு. மறைவாக இருந்தால் லாபம். வெளிச்சத்தில் இருந்தால் அந்த லாபம் கிடைக்காது.

இதை விற்பவர்களின் பேராசை என்று முடித்துவிடுவது எளிது. ஆனால் அவர்களை அந்தப் பக்கம் தள்ளியதில் ஏலத்தளங்களுக்கும் பங்குண்டு. ஈபே விற்பவரிடம் பிடிக்கும் கழிவு நெடுங்காலம் ஏலத் தொகைக்கு மட்டுமே கணக்கிடப்பட்டது. 10 டாலர் பொருளை 1 டாலருக்கும் போஸ்டேஜை 9 டாலருக்கும் போட்டால் கழிவு 1 டாலருக்கு மட்டும்தான். தளம் 2007இல் விற்பவர்களுக்கான விரிவான மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தபோது, மதிப்பிட வேண்டிய நான்கு அம்சங்களில் ஒன்றாக அஞ்சல் கட்டணத்தையும் சேர்த்ததே நோய் எவ்வளவு பரவியிருந்தது என்பதற்குச் சாட்சி. 2011இல் அமெரிக்காவில் அஞ்சல் தொகைக்கும் சேர்த்தே கழிவு பிடிக்கத் தொடங்கினார்கள். ஏமாற்றியவருக்கு அது சரியான அடி. ஆனால் தபால் நிலையத்தில் கட்டிய தொகையை மட்டுமே கேட்ட நேர்மையான ஆளும் தன் கைக்கே வராத பணத்துக்குக் கழிவு கட்ட வேண்டியதாயிற்று. அவர் என்ன செய்வார்? போஸ்டேஜில் கொஞ்சம் ஏற்றித்தான் போடுவார்.

இனி, ‘கொஞ்சம் ஏற்றி’ என்பதற்குள் உண்மைச் செலவு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். வாங்குபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் அநியாயம் செய்கிறார்கள். ரப்பர்த் தோட்டத்தில் பால் பிடிக்கும் பழைய பீங்கான் மங்குகளைச் சேகரிப்பவர்கள் உண்டு. நாலைந்து மங்கு சேர்ந்தால் எடை ஒரு கிலோவை ஒட்டி வரும். அவற்றை உடையாமல் அனுப்ப வேண்டுமானால் ஒவ்வொன்றையும் தனித்தனியே சுற்றி, இடைவெளி விட்டு, பெரிய பெட்டியில்தான் வைக்க வேண்டும். பெட்டி 30க்கு 25க்கு 20 சென்டிமீட்டர் என்று கொள்வோம். கூரியர் நிறுவனங்கள் தராசை மட்டும் நம்புவதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 5000 அல்லது 6000 ஆல் வகுத்து வருவது தராசு எடையைவிடக் கூடினால் அதையே ‘எடை’யாக எடுத்துக்கொள்கின்றன. 15,000ஐ 5000 ஆல் வகுத்தால் 3 கிலோ, 6000 ஆல் வகுத்தால் இரண்டரை. பெட்டிக்குள் இருப்பதில் பாதிக்கு மேல் காற்று, கட்டணம் காற்றுக்கும் சேர்த்துத்தான். பெட்டி விலை, காற்றுக்குமிழித் தாள், டேப், மம்பாவிலிருந்து கூரியர் கடைக்குப் போய்வரும் பெட்ரோல், வரிசையில் நிற்கும் நேரம் எல்லாம் இதற்கு மேல். ‘ஒரு கிலோ பொருளுக்கு இவ்வளவு போஸ்டேஜா?’ என்று சீறுகிறவர், அதே மங்கு உடைந்து வந்து சேர்ந்தால் அதைவிடச் சத்தமாகச் சீறுவார்.

நேர் எதிரான உதாரணம் அஞ்சல்தலை. மம்பாவ் இருக்கும் பகுதி ஒரு காலத்தில் சுங்கை ஊஜோங் என்ற தனி ஆட்சிப் பகுதியைச் சேர்ந்தது. 1878 முதல் நீரிணைக் குடியேற்ற அஞ்சல்தலைகள் மேல் அதன் பெயர் அச்சடிக்கப்பட்டு வெளிவந்தன. 1895இல் அது நெகிரி செம்பிலானோடு இணைந்தது. அந்தத் தலைகள் இன்று சேகரிப்பாளர்களின் ஏலப் பொருள். போலி மேலச்சுகளும் நிறைய உண்டு என்பதால் கேட்பவர் கவனமாக இருக்க வேண்டும். எடை ஒரு கிராம்கூட இல்லை, சாதாரண உறையில் போட்டு அனுப்பிவிடலாம். ஆனால் சாதாரணக் கடிதத்துக்குத் தடமறியும் எண் கிடையாது. ‘வரவில்லை’ என்று வாங்கியவர் புகார் சொன்னால் விற்பவரிடம் காட்ட ஒன்றுமில்லை, பணத்தைத் திருப்பித்தர வேண்டியதுதான். ஆகவே பதிவுத் தபால். இப்போது அஞ்சல் கட்டணம் பொருளைக் கொண்டுபோவதற்கான கூலியாக மட்டும் இல்லை, நம்பிக்கையின்மைக்கான காப்புத் தொகையாகவும் ஆகிவிடுகிறது. ஆயிரம் வெள்ளித் தலைக்கு அது பெரிய விஷயமில்லை. மூன்று வெள்ளித் தலைக்குப் பொருளை விடப் போஸ்டேஜ் கூடிப்போகிறது. மலிவான, உண்மையான, சின்னச் சேகரிப்புப் பொருள்களை இந்த ஏலங்களிலிருந்து துரத்துவதில் வேறெதையும்விட இதற்கே பங்கு அதிகம் என்பேன்.

சரக்கு விலை வேறு, ஏற்றுமதிக் கூலி வேறு என்பது நெகிரி செம்பிலான் தோட்டங்களுக்குப் புதிதல்ல. மலாயா ரப்பர் முதலில் லண்டன் மின்சிங் லேனில் ஏலம் போயிற்று. 1911இல் சிங்கப்பூரிலும் ரப்பர் ஏலம் தொடங்கியது. இன்றும் மலேசிய ரப்பர் விலை ‘கப்பலில் ஏற்றிய நிலையில்’ என்றுதான் அறிவிக்கப்படுகிறது. அதன் பிறகான கப்பல் கூலி வாங்குபவர் பாடு. ஒருவரும் இதை ஏமாற்று என்று சொல்லவில்லை. காரணம், கேட்பவர்கள் எல்லாரும் வியாபாரிகள், கூலி விவரம் அவர்கள் விரல்நுனியில். அந்த உலகத்திலும் கூலிதான் தில்லுமுல்லுக்கு இடம் கொடுத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1897இல் நீரிணைப் பகுதியிலிருந்து ஐரோப்பாவுக்குச் சரக்கு ஏற்றும் கப்பல் நிறுவனங்கள் கூட்டு சேர்ந்து கூலியை ஒரே அளவில் கட்டிப்போட்டன. சில பெரிய வணிக நிறுவனங்களுக்கு மட்டும் மறைவாகக் கழிவு போய்க்கொண்டிருந்தது. நிபுணர்கள் கூடிய சந்தையிலேயே இந்தக் கதி என்றால், இரவு பதினோரு மணிக்குக் கைப்பேசியில் கடைசி நிமிடக் கேள்வி போடுகிறவரிடம் என்ன எதிர்பார்க்க முடியும்?

எல்லாவற்றுக்கும் மருந்தாகச் சொல்லப்படுவது ‘இலவச அஞ்சல்’. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அஞ்சலைச் சும்மா செய்துதர யாருமில்லை. செலவு ஆரம்ப விலைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. குத்துவிளக்கு உதாரணத்தில், எங்கே போகுமோ என்ற பயத்தில் விற்பவர் சபாக் கட்டணத்தையே விலையில் ஏற்றிவிடுவார். சிரம்பான்காரர் காரணமில்லாமல் 8 வெள்ளி கூடுதலாகத் தருவார். ஆனால் சபா, சரவாக் மக்களின் பக்கமிருந்து பார்த்தால் இதில் ஒரு நியாயம் இருப்பதையும் மறுக்க முடியாது. ‘தீபகற்பத்துக்கு மட்டும்’ என்ற வரியைப் படித்துப் படித்து அலுத்தவர்கள் அவர்கள். சாதாரணக் கடிதத்துக்கு நாடு முழுவதும் ஒரே கட்டணம் என்பதுதான் அஞ்சல் துறையின் பழைய தர்மம். 2010 ஜூலையில் 20 கிராம் வரையான கடிதத்துக்கு 30 சென் 60 சென்னாக உயர்ந்தபோதும் மம்பாவிலிருந்து சிரம்பானுக்கும் அதே 60, கோத்தா கினபாலுவுக்கும் அதே 60. தூரத்தின் சுமையை எல்லாரும் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு அது. அதை ஓர் அரசு, ஒரு தேசிய அஞ்சல் நிறுவனம் செய்யலாம். வீட்டிலிருந்து மாதம் நாலு பொருள் விற்கிற ஒருவரிடம் அதே கடமையை ஒப்படைப்பது சரியல்ல.

இலவச அஞ்சலின் இன்னொரு முகம் சீனத்துப் பார்சல். ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வரும் சின்னப் பொருள், பக்கத்துத் தாமானுக்கு அனுப்புவதைவிட மலிவாக வருவது எப்படி என்று கேட்காதவர் இல்லை. உலக அஞ்சல் ஒன்றியத்தின் கணக்குமுறை அதற்கு ஒரு முக்கியக் காரணம். வளரும் நாடாகக் கருதப்பட்ட சீனாவிலிருந்து வரும் சிறு பொதிகளை வீட்டுக்கு வீடு சேர்க்க, பெறும் நாட்டு அஞ்சல் துறைக்குக் கிடைத்தது சொற்பம். அமெரிக்கா 2018இல் ஒன்றியத்தை விட்டே விலகுவதாக மிரட்டி, 2019 செப்டம்பர் ஜெனீவாக் கூட்டத்துக்குப் பிறகு, 2020 ஜூலை முதல் தன் கட்டணத்தைத் தானே அறிவிக்கும் உரிமை பெற்றது. மலேசியா வேறு வழியில் போயிற்று: 2024 ஜனவரி முதல் தேதி தொட்டு, வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி. அந்த வரி பொருளின் விலைக்குத்தான், அஞ்சல் செலவுக்கு இல்லை. விலையைக் குறைத்துப் போஸ்டேஜை ஏற்றும் பழைய ஆசைக்கு அரசாங்கமே புதிதாக ஒரு காரணம் கொடுத்திருக்கிறது.

மலேசியச் சட்டம் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை என்று சொல்ல முடியாது. 2013 ஜூலையில் நடப்புக்கு வந்த மின்வணிகப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதிகள், போக்குவரத்துச் செலவும் வரியும் உட்பட முழு விலையை விற்பவர் அறிவிக்க வேண்டும் என்றன. ஏலத்தில் முழு விலை முன்கூட்டியே தெரியாது என்பது உண்மைதான். ஆனால் அஞ்சல் செலவு தெரியும். பெட்டி அளவும் எடையும் தெரிந்தால் தீபகற்பத்துக்கு இவ்வளவு, சபா சரவாக்குக்கு இவ்வளவு என்று முதல் கேள்வி விழும் முன்பே எழுதிவிடலாம். இதைச் செய்யாமல் விடுவதற்குச் சாக்கே கிடையாது. குறிப்பாக, கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் பெருகிய முகநூல் நேரலை ஏலங்களில் சேலை, நாணயம், செடி என்று மளமளவென்று கேள்வி ஏறும். போஸ்டேஜ் எவ்வளவு என்று கேட்டால் ‘பிஎம் பண்ணுங்க’ என்று பதில் வரும். ஏலத்தை ஊரறிய நடத்திவிட்டு, கட்டணத்தை மட்டும் காதோடு காதாகச் சொல்கிற இந்தப் பழக்கத்துக்கு ஆதரவாகச் சொல்ல என்னிடம் ஒரு வாதமும் இல்லை.

கடைசியாக, அதிகம் பேசப்படாத கூட்டு அஞ்சல். ஒரே விற்பவரிடம் ஒருவர் மூன்று ஏலம் எடுத்தால் மூன்றும் ஒரே பெட்டியில் போகும். முதல் மங்குக்கு 9 வெள்ளி என்றால் அடுத்த இரண்டுக்கும் சேர்த்து இன்னும் இரண்டு மூன்று வெள்ளிதான் ஆகும். அதாவது ஒன்றை ஏற்கெனவே எடுத்துவிட்டவர் அடுத்த ஏலத்துக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கேட்கும் வசதியோடு வருகிறார். விற்பவருக்கும் இது நல்லது. அவருடைய இரண்டாவது, மூன்றாவது ஏலங்கள் சூடுபிடிக்கும். ஆனால் சலுகை உண்டு என்பது முன்பே தெரிந்தால்தான் யாரும் அப்படிக் கேட்பார்கள். தெரியாதபோது மூன்று போஸ்டேஜையும் தனித்தனியே கழித்துக் கேள்வியைத் தாழ்த்திக்கொள்வார்கள், அல்லது முதல் ஏலத்தோடு நின்றுவிடுவார்கள். ஒரே பெட்டியில் அனுப்பிவிட்டு மூன்று போஸ்டேஜ் வாங்குகிறவர்கள், கேட்டால் ‘சிஸ்டம் தானாகப் போடுது’ என்கிறார்கள். ஆனால் பணம் கட்டும் முன் மூன்று பட்டியலையும் ஒன்றாக்கி அஞ்சல் தொகையைக் குறைத்து அனுப்பும் வசதி ஈபேயில் விற்பவர் கையிலேயே இருக்கிறது.