தயக்கத்தின் குரல்

பாஸு சட்டர்ஜியின் 'ரஜனிகந்தா'வை (1974) அடக்கமான படம் என்று பாராட்டுவார்கள். அந்த அடக்கத்தில் எனக்கொரு சந்தேகம். மூலக்கதை மன்னு பண்டாரியின் 'யஹீ ஸச் ஹை'. தீபா தன்மையில் சொல்லிக்கொண்டு போகும் நாட்குறிப்பு. கான்பூரில் சஞ்சய் உண்மை. கல்கத்தா போனால் பழைய காதலன் நிசீத் உண்மை. திரும்பி வந்தால் பூவோடு நிற்கும் சஞ்சய். 'இதுதான் உண்மை' என்கிற தலைப்பு ஊருக்கு ஊர் பொருள் மாறுகிறது. படத்தில் ஊர்கள் டில்லி, பம்பாய். நிசீத், நவீன் ஆகிறான். அது பெரிய விஷயமில்லை.

பாட்டுக்களில்தான் கோளாறு. சஞ்சயின் பூவை நினைத்துத் தீபா பூரித்திருக்கையில் லதாவின் குரல். (பூ நம்முடைய சம்பங்கிதான். உழவர்கரைக் கடைகளில் கல்யாண மாலைக்கும் சாவு மாலைக்கும் ஒரே கூடையிலிருந்து எடுப்பார்கள்.) பம்பாய் டாக்ஸியில் நவீனுக்குப் பக்கத்தில் அவள் மனம் எல்லை தாண்டும்போது முகேஷ். நிச்சயம் பெண் குரலில். தயக்கம் ஆண் குரலில். நாட்குறிப்பில் அவளே சொன்னதை ஓர் ஆண் அவளுக்காகப் பாடிவிடுகிறான். முகேஷுக்குத் தேசிய விருது கிடைத்ததும் அந்தப் பாட்டுக்குத்தான். ஸலீல் சௌதுரியின் மெட்டில் குறை காண முடியாது. ஆனால் வித்யா ஸின்ஹாவின் முகம் வாய் திறக்காமலே அத்தனையும் சொல்லிவிடுகிறது. சப்தத்தை நிறுத்திவிட்டு அந்தக் காட்சியை ஒரு தரம் பார்க்க வேண்டும்.