கிழநாய்க்கு ஒரு சாக்கு

அரிசி வந்த பழைய சணல் சாக்கை உதறி, வெயிலில் காயப்போட்டு, நாலாக மடித்தால் வயதான நாய்க்கு அதைவிட நல்ல படுக்கை இல்லை. கடையில் விற்கும் பஞ்சு மெத்தை அழகுதான். ஆனால் நம் ஊர் வெக்கையில் நாய் அதைவிட்டு இறங்கி வெறுந்தரைக்குப் போய்விடும். அங்கேயே கிடந்தால் முழங்கைத் தோல் காய்த்துப்போகும்.

சாக்கின் அருமை டைல்ஸ் தரையில்தான் தெரியும். பின்னங்கால் சதை வற்றி, மூட்டு தேய்ந்த நாய் வழவழப்பான தரையில் எழ முயன்றால் கால்கள் திசைக்கொன்றாகப் போகும். சொரசொரப்பான சணலில் நகம் பிடிக்கும். ஓர் உந்தில் எழுந்துவிடும். சாக்கே நழுவாமலிருக்க ஓரத்தைக் கட்டில் காலுக்கடியில் செருகிவிட வேண்டும். நாய் அப்படி எழுந்து, வாலாட்டிக்கொண்டு வாசலுக்கு வருவதைப் பார்க்க எனக்குச் சலிப்பதே இல்லை. தண்ணீர்ச் சட்டிவரை சாக்குகளை வரிசையாக விரித்துவிட்டால் வீடு மறுபடி அதன் வசம்.

கண்ணும் காதும் மங்கிய பிறகும் மூக்கு கைகொடுக்கும். அதனால் எல்லாச் சாக்கையும் ஒரே நாளில் துவைக்காதீர்கள். நாயின் வாசம் ஒன்றிலாவது இருக்கட்டும். மூட்டுவலிக்கு நம் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள்; ஐபுப்ரோஃபென் நாய்க்கு நஞ்சு. அதற்குக் கால்நடை மருத்துவர்தான்.